நகரசபைச் செய்தி சில்லறைச் செய்தியா?

திருகோணமலையில் நாலு பேர் அரசியல் பேச உட்கார்ந்தால் ஒரு கருத்தை எல்லோரும் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். சபை எந்த வீதிக்குக் கொங்கிறீட் போடுகிறது, எந்த மைதானத்தை யாருக்குக் கொடுக்கிறது, சந்தைக் கடைகளுக்கு எப்போது கேள்விகோரல் வருகிறது, அடுத்த மாதம் கடற்கரையில் என்ன விழா என்பதெல்லாம் சில்லறை விடயங்களாம். காணி, துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள், அதிகாரப் பகிர்வு இவைதான் பேசத் தகுந்தவையாம். ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் இதைச் சொல்கிறார்கள். சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள்கூட வடிகானைப் பற்றி இரண்டு வசனம் பேசிவிட்டு இனப்பிரச்சினைக்குத் தாவிவிடுகிறார்கள். சபையின் அறிவித்தலுக்குப் பத்திரிகையில் கிடைப்பது ஒரு மூலை. சனசமூக நிலையத்துப் பலகையில் ஒட்டிய தாள் மழையில் நனைந்து விழும்வரை அதை வாசிக்க ஆள் வருவதில்லை.

இந்தக் கருத்து தவறானது, ஊருக்குக் கேடும் செய்திருக்கிறது. பெரியவை என்று நாம் சொல்லும் விடயங்களில் நாம் தோற்ற இடங்களை எடுத்துப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொன்றும் முதலில் ஒரு சிறிய அறிவித்தலாகவே வந்தது. அப்போது அதை வாசித்தவர்கள் சிலர். வாசித்தவர்களிலும் அதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் குறைவு.

மறுதரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிட வேண்டும். திருகோணமலை நகரம் ஒரு மாநகரசபையின் எல்லைக்குள் இருக்கிறது என்பது பெயரளவில்தான் உண்மை. உட்துறைமுகம் துறைமுக அதிகாரசபையிடமும் கடற்படையிடமும் இருக்கிறது. கரையோரத்துக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் பொறுப்பு. பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவமும் தொல்பொருள் திணைக்களமும் இருக்கின்றன; கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும். பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் சபையுடையது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளை 2022 ஜனவரியில் பங்கிட்டார்கள். 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நகரத்துக்கு இடம் இருக்கவில்லை. 13ஆவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாணசபையின் கீழ் வைத்தது. கிழக்கு மாகாணசபையின் காலமோ 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. இப்படிச் சுற்றிவரக் கட்டிவைக்கப்பட்ட ஒரு சபையின் கூட்ட நிகழ்ச்சிநிரலை வாசித்து என்ன பயன் என்று கேட்பவருக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது.

அந்த விவரங்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவையே மறுக்கிறேன்.

இந்த மாவட்டத்துச் சம்பூரை எடுங்கள். 2006இல் போர் அந்த மக்களை விரட்டியது. அவர்கள் திரும்பி வராமல் தடுத்ததோ காகிதம். 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கையும் சம்பூரையும் உயர் பாதுகாப்பு வலயமாக்கி ஒரு வர்த்தமானி வந்தது. 2012இல் அதே நிலத்தில் 818 ஏக்கரைக் கனரகக் கைத்தொழில் வலயமாக்கி இன்னொரு வர்த்தமானி வந்தது. ஊர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் இருந்தபோதே ஊரின் நிலம் வேறு பெயருக்கு மாறியது. 2015 மே மாதத்தில் அந்த வர்த்தமானி இரத்துச் செய்யப்பட்டபோதுதான் மக்கள் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடிந்தது. கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் அதற்கு அடுத்த ஆண்டு விடப்பட்டது. காகிதம் எடுத்ததை மற்றொரு காகிதம் திருப்பித் தந்தது. இடையில் இருந்தது மக்களின் விடாப்பிடி.

அதே சம்பூரில்தான் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்த திட்டம் அது. இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்திட்ட ஒன்றை மூதூர்க்காரர் என்ன செய்துவிட முடியும் என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் சட்டப்படி அதன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து 30 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது. அந்த அறிவித்தலைச் சிலர் வாசித்தார்கள். அறிக்கையின் தடித்த பக்கங்களைப் புரட்டினார்கள். கொட்டியாரக் குடாவுக்குள் வெந்நீர் விடப்பட்டால் மீனுக்கு என்ன ஆகும், சாம்பல் எங்கே குவியும் என்று எழுதிக் கேட்டார்கள். மூதூரிலும் சம்பூரிலும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஒரு சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2016 செப்டெம்பர் 13ஆம் திகதி சட்டமா அதிபர் திணைக்களம் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்படாது என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. இரு நாடுகளுக்கும் இடையிலான பேச்சும் அந்த முடிவுக்குக் காரணம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவித்தலை வாசிக்க ஆள் இல்லாத ஒரு மாவட்டமாக இது இருந்திருந்தால் நீதிமன்றத்தில் வாதாட ஒரு வழக்கே இருந்திராது. இன்று அந்த நிலத்தில் சூரிய மின்திட்டம் வருகிறது. அதைப் பற்றியும் அதே கவனத்தோடு கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

முத்துநகர் விவசாயிகள் 2025இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் நாட்கணக்கில் குந்தியிருந்ததும் காகிதத்தால் வந்த வினைதான். அவர்கள் உழுது விதைத்த வயல் துறைமுக அதிகாரசபையின் காணி என்று பழைய ஆவணம் சொல்கிறது. அது சூரிய மின்திட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போன செய்தி விவசாயிக்கு எட்டியபோது வேலை தொடங்கியிருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே அவை பற்றி மக்களுக்கு, குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, அறிவிக்க வேண்டும் என்று அது அமைச்சருக்குக் கடமை விதிக்கிறது. இந்த மாவட்டத்தில் எத்தனை திட்டங்களுக்கு அந்த மூன்று மாத அறிவித்தல் கிடைத்தது என்று நாம் கணக்குக் கேட்டதில்லை. அறிவித்தல் கேட்பது சில்லறை வேலை என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம்.

சரி, இவை மேலிருந்து வந்த காகிதங்கள், நகரசபையின் நிகழ்ச்சிநிரலில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு விடை பக்கத்துக் கிண்ணியாவில் இருக்கிறது.

குறிஞ்சாக்கேணிப் பாலம் வேலைக்காக மூடப்பட்டிருந்த காலம். மறுகரைக்குப் போக ஒரு மிதவைப் படகு ஓடியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் பெரியவர்கள் வேலைக்குப் போவதும் அதில்தான். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் நால்வர் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பிறகு அந்தத் தொகை கூடியது. கிண்ணியா கொதித்தெழுந்தது. அதன் பின்னர்தான் நாடு முழுவதும் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: அந்தப் படகுக்கு அனுமதி கொடுத்தது யார்? விசாரணை நகரசபைவரை வந்தது. தவிசாளர் கைதானார்.

படகுச் சேவைக்கு அனுமதி என்பது ஒரு சபையின் நிகழ்ச்சிநிரலில் எப்படி இருக்கும்? ஒரு வரி. விண்ணப்பதாரர், கட்டணம், காலம். கோயில் திருவிழாவுக்கு வீதியில் கடை போட அனுமதி கேட்கும் வரிக்கும் வாரச் சந்தைக் குத்தகை வரிக்கும் இடையில் அது கிடக்கும். தேசியப் பிரச்சினை பேசுகிற எவரும் அந்த வரியில் நின்றிருக்கமாட்டார். படகில் எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி உண்டா, பரிசோதித்தது யார், பாலம் எப்போது முடியும், அதுவரை பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வழி என்ன என்று கேட்க வேண்டிய இடம் அந்த ஒரு வரிதான். அந்தக் கேள்விகள் எழுந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துகொண்டிருப்பார்கள். குறிஞ்சாக்கேணிக்குப் பிறகும் உள்ளூராட்சிச் செய்தியைச் சில்லறை என்று சொல்கிறவர் அந்தத் தாய்மாரின் முன்னால் போய் நின்று அதைச் சொல்லட்டும்.

அதிகாரம் இல்லை என்ற வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. நகர எல்லைக்குள் யார் என்ன கட்டலாம் என்ற அனுமதியில் சபைக்குக் கை இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகாரசபை தன் திட்டமிடல் அதிகாரத்தில் ஒரு பங்கை உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. வியாபார அனுமதிப்பத்திரம் சபையுடையது. சோலைவரி விதிப்பதும் அதன் வேலை. சபை இயற்றும் உபவிதி வர்த்தமானியில் வந்தவுடன் சட்டமாகிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாச விடுதிகள் முளைத்த வேகத்தில் மீனவனின் கரைவலைப் பாடு எங்கே ஒதுங்கியது, கடலுக்குப் போகும் ஒழுங்கைகளில் எத்தனை அடைபட்டன என்பதெல்லாம் பிரதேச சபையின் கோவைகளில் ஒவ்வொரு கட்டட அனுமதியாகக் கிடக்கின்றன. வாடியை இழந்த மீனவனுக்கு அது காணிப் பிரச்சினையேதான். அவன் அதைச் சில்லறை என்று சொல்லமாட்டான்.

இந்த இடத்தில் 2025 நவம்பரைச் சொல்லாமல் போக முடியாது. நகரின் கடற்கரையில் உள்ள விகாரைக் காணியில் அனுமதியற்ற கட்டுமானம் நடக்கிறது என்று கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் முறையிட்டது. நவம்பர் 16ஆம் திகதி இரவு அங்கு வைக்கப்பட்ட புத்தர் சிலையைப் பொலிஸார் அகற்றினார்கள். மறுநாள் அது மீண்டும் வைக்கப்பட்டது. பாராளுமன்றம் கொதித்தது. 2005 மே மாதத்தில் சந்தைப் பக்கத்தில் வைக்கப்பட்ட சிலையும் அதைத் தொடர்ந்த கடையடைப்பும் கைகலப்பும் பலருக்கு நினைவுக்கு வந்தன. இந்த விவகாரத்தின் அரசியலை இங்கே விரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். கரையோரத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் யாருக்கு எவ்வளவு நிலம், எந்தத் தேவைக்கு, எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பதிவேடு மக்கள் பார்வையில் இருந்திருந்தால், மாற்றம் கேட்டு வருகிற ஒவ்வொரு விண்ணப்பமும் முன்கூட்டியே மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட்டிருந்தால், இந்தப் பிணக்கு பகலில், கோவையை வைத்துக்கொண்டு, சட்டப்படி பேசப்பட்டிருக்கும். அறிவித்தல் இல்லாத இடத்தில்தான் எல்லாம் இரவில் நடக்கிறது.

சபைச் செய்தியை மதிக்காததற்கு நாம் கொடுத்த இன்னொரு விலை தேர்தல். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய வாக்கெடுப்புக்குத் திறைசேரி பணம் கொடுக்கவில்லை. தேர்தல் நின்றது. அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலம் நாடு முழுவதும் சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். தேர்தலை நடத்தாதது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. இந்த இடைவெளியில் திருகோணமலைக்கு மாகாணசபையும் இல்லை, நகரசபையும் இல்லை. தெரிவு செய்யப்பட்டவர் என்று ஊர் மட்டத்தில் ஒருவரும் இல்லாத காலம் அது. ஆனாலும் ஊர் பெரிதாகக் கொந்தளிக்கவில்லை. சபை சில்லறை என்று நாமே சொல்லிப் பழகியிருந்ததால், சபையே இல்லாமல் போனதும் நமக்குச் சில்லறையாகப் பட்டது. தேர்தலை நிறுத்தியவர்களுக்கு நாம் செய்து கொடுத்த வசதி அது.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. சென்னை மாநகராட்சியில் 2016 ஒக்டோபரிலிருந்து 2022 பெப்ரவரித் தேர்தல்வரை தெரிவான மன்றம் இருக்கவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வற்றி நகரம் தண்ணீர் லொறிகளுக்குப் பின்னால் ஓடியபோது தட்டிக் கேட்க வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. தேர்தல் வந்த பிறகு அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கிராமசபை போல நகரங்களிலும் பகுதிசபை என்று விதி எழுதி, 2022 நவம்பர் முதலாம் திகதி முதல் கூட்டங்களை நடத்தினார்கள். அவை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டம் நடக்க வேண்டும், அறிவிக்கப்பட வேண்டும் என்பது அங்கே விதியாக இருக்கிறது. கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

நம் சபையைப் பற்றிக் கேட்டால், எல்லாம்தான் முகநூலில் வருகிறதே என்கிறார்கள். வருகிறது. திறப்பு விழா வருகிறது, பொன்னாடை வருகிறது, துப்புரவு நாளில் கையுறை போட்டுக்கொண்டு நிற்கும் படம் வருகிறது. முடிந்த பிறகு வருகிற படத்தால் எனக்கு எதையும் மாற்ற முடியாது. முடிவெடுப்பதற்கு முன் வருவதுதான் குடிமகனுக்கு வேண்டிய செய்தி. கோட்டை மான்கள் நகருக்குள் இறங்கி, மைதானத்துப் பக்கமும் பேருந்து நிலையத்துப் பக்கமும் குப்பையில் பொலித்தீன் தின்று நிற்பதை இந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. அந்த மானுக்கு உதவுவது துப்புரவு நாள் படம் அல்ல. எந்த வீதிக்கு எந்தக் கிழமை வண்டி வரும், குப்பை பிரிக்கப்படுகிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது, வண்டிக்கும் எரிபொருளுக்கும் இந்த ஆண்டுப் பாதீட்டில் எவ்வளவு, கடந்த ஆண்டு அதில் எவ்வளவு செலவானது என்ற விவரம்தான் உதவும். கலிபோர்னியாவில் பிறவுன் சட்டம் என்று 1953இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சிநிரலை ஒட்டியாக வேண்டும். அதில் இல்லாத விடயத்தில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, சபை முடிவெடுக்க முடியாது. திருகோணமலைக்கு இது எட்டாத காரியம் அல்ல. ஒரு தாள், ஒரு பலகை, மூன்று நாள்.

ஊர் விழாக்களையும் இதே அலட்சியத்தோடு தள்ளிவிடுகிறார்கள். விழா என்றால் பொழுதுபோக்கு, பணவிரயம், அரசியல்வாதிக்கு மேடை என்பது அவர்கள் எண்ணம். இந்த ஊரின் தெருவை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சிவராத்திரிக்குப் பின் கோணேசர் நகர்வலம் வரும்போது வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கிறார்கள். வெசாக் மாதத்தில் தோரணமும் தன்சலும் வீதிக்கு வருகின்றன. பெருநாள் தொழுகைக்கு மைதானம் நிறைகிறது. மாதா திருவிழாக் கொடியேற்றம் வருகிறது. ஒரே வீதிகள், ஒரே மைதானங்கள், ஒரே கடற்கரை. யாருக்கு எந்த நாள், என்ன கட்டணம், ஒலிபெருக்கி எத்தனை மணிவரை, போக்குவரத்து எந்த வழியில் திருப்பப்படும் என்று முடிவெடுப்பது மூன்று இனங்களும் நான்கு சமயங்களும் வாழும் நகரத்தில் மிக நுட்பமான அரசியல். ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்த நாட்காட்டி எல்லோருக்கும் தெரிந்தால் பாதிப் பிணக்கு எழாது. தெரியாவிட்டால் ஒவ்வொரு அனுமதியும் ஒருவருக்குச் செய்த சலுகையாகவும் மற்றவருக்குச் செய்த அவமதிப்பாகவும் பார்க்கப்படும்.

கடற்கரையில் மாலையில் குடும்பமாகப் போய் உட்காருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கருகே, அந்தக் கடற்கரையில்தான் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் இருட்டினால் அங்கே ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தது. அதே கரையில் இப்போது பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், சுண்டல் வண்டி நிற்கிறது. அந்த இடத்தில் விளக்கு எரிகிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா, நினைவேந்தலுக்கு வருகிறவர்களை யாரும் தடுக்காமல் இருக்கிறார்களா என்பது எனக்குச் சின்ன விடயமாகத் தெரியவில்லை. ஒரு மக்கள் கூட்டம் தன் பொது இடத்தைத் திரும்பப் பெறுவது அப்படித்தான்.

2024 ஜனவரியில் நடந்த பொங்கல் விழாவையும் இங்கே நினைக்க வேண்டும். அந்த மாதம் 6ஆம் திகதி சம்பூரில் ஜல்லிக்கட்டு நடந்தது. நகரில் 1008 பானைகளில் பொங்கலும் பெருந்தொகை நடனக் கலைஞர்களின் ஆட்டமும் நடந்தன. ஆளுநர் முன்னின்று நடத்திய விழா. மக்கள் திரண்டார்கள், மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் மாகாணத்தில் தெரிவான சபை எதுவும் இல்லை. எவ்வளவு செலவு, யாருடைய பணம், அடுத்த ஆண்டும் உண்டா, உள்ளூர்க் கலைஞருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்க மக்களின் பிரதிநிதி ஒருவரும் நாற்காலியில் இருக்கவில்லை. விழாவை மக்கள் நடத்துவதற்கும் மக்களுக்காக ஒருவர் நடத்திக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அதுதான்.

அறிவித்தல் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதற்குக் கடைசிச் சான்று 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல். மகாவலி பெருகியது. மாவிலாற்று அணை உடைந்தது. 2006இல் எந்த மதகை மூடியதில் போர் மறுபடி மூண்டதோ அதே மாவிலாறு. மூதூர், வெருகல், சேருவில பக்கத்து ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அந்த நாட்களில் தமிழில் எச்சரிக்கை பிந்தி வந்ததும் சில வேளை வராமலே போனதும் நாடு முழுவதும் கண்டிக்கப்பட்டது. 1987இலிருந்து அரசியலமைப்பில் அரசகரும மொழியாக இருக்கிற தமிழில், தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில், வெள்ளம் வருகிறது என்ற வசனம் நேரத்துக்கு வரவில்லை. கொழும்பைத் திட்டுவோம், திட்டத்தான் வேண்டும். ஆனால் சபையின் ஒலிபெருக்கி முச்சக்கர வண்டி, கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல், கோயில், மீனவர் கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம் என்று ஊருக்குள் ஓடும் அறிவித்தல் பின்னலை நாம் ஒரு சாதாரண நாளில் பழகி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வெட்டுச் செய்தியும் குப்பை வண்டிச் செய்தியும் அதன் வழியாக ஒழுங்காக வந்திருந்தால் வெள்ளச் செய்தியும் அதே வழியில் வந்திருக்கும். சாதாரண நாளில் ஓடாத வழி அவசர நாளில் திறக்காது.

ஆகவே என் வேண்டுகோள்கள் பெரிய கொள்கைப் பிரகடனங்கள் அல்ல. மாநகரசபை தன் மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலைக் கூட்டத்துக்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டட்டும். நூலகத்திலும் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் ஒட்டட்டும். வழங்கிய கட்டட அனுமதிகளையும் குத்தகைகளையும் மாதம் ஒருமுறை பட்டியலாகப் போடட்டும். விழா நாட்காட்டி ஜனவரியில் வரட்டும். கிண்ணியா நகரசபையும், சுற்றியுள்ள பிரதேச சபைகளும் இதையே செய்யட்டும். சட்டமா அதிபரையோ டில்லியையோ கேட்க வேண்டிய அதிகாரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. புதிதாக வந்த உறுப்பினர்கள், அதிலும் 25 வீத ஒதுக்கீட்டின் வழியாக வந்த பெண் உறுப்பினர்கள், இதைத் தம் சபையில் பிரேரணையாகக் கொண்டுவந்தால் அதை எதிர்த்து வாக்களிக்கக் காரணம் சொல்ல ஒருவராலும் முடியாது.

வாசகரிடம் கேட்பதும் உண்டு. ஆண்டுக்கான சோலைவரியை ஜனவரி 31க்கு முன் முழுதாகக் கட்டினால் பத்து வீதம் கழிவு என்று பலருக்குத் தெரியும். அந்தப் பணம் போகும் பாதீட்டைப் பார்த்தவர் குறைவு. இந்த ஆண்டு இறுதியில் வரைவுப் பாதீடு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். காட்டாவிட்டால் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். படிவம் கட்டாயமில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டியது அலுவலரின் கடமை. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். உங்கள் வட்டாரத்தில் இருந்து ஐந்து பேர் சேர்ந்து ஐந்து கேள்வி அனுப்புங்கள். முதல் கேள்வியாக இதை வையுங்கள்: எங்கள் சபை எல்லைக்குள் இப்போது ஓடும் படகுகளுக்கும் பயன்பாட்டில் உள்ள இறங்குதுறைகளுக்கும் அனுமதி கொடுத்தது யார், அவற்றைக் கடைசியாகப் பரிசோதித்த திகதி எது?